எட்டாவது தடம்

இரண்டாம் பக்கம், முதல் பாட்டின் நடுவில்
மின்சாரம் போனது.
டுலூத்தில் அன்று பனி
துறைமுகத்துக் கம்பிகளைத் தின்றுகொண்டிருந்தது.
ஸ்லோவீனியர் சங்கக் கூடம்.
முந்நூறு நாற்காலி, அறுநூறு பேர்,
ஒரே ஒரு கழிப்பறை.

நான் பின்சந்தில்,
மீன்வண்டியாய்ப் பிறந்து
ஒலிப்பதிவு வண்டியாய் மாறிய வேனுக்குள்,
ஜெனரேட்டர் தயவில் சுழலும் ரீல்களோடு.
அந்த மாதம் முழுக்க என் கோட்டில் ஹெர்ரிங் வாடை.

ஹெட்போனில் கிட்டார் செத்தது.
பாஸ் செத்தது.
கார்வினின் குரல் சாகாமல் சுருங்கி
சளி பிடித்த ஒரு மனிதனின் தொண்டையாயிற்று.
டிரம்ஸுக்கு மின்சாரம் வேண்டாம்.
இருந்தும் ஆரின் ஓர் அடி தவறினான்.
ஒரே ஓர் அடி.
அந்தப் பள்ளத்தில்தான்
இருட்டின் கோடியிலிருந்து யாரோ கத்துகிறார்கள்.
ஆரின் அடிக்கிறான்.

நாலு நிமிடம்.
முதலில் டிரம்ஸ் மட்டும்.
பிறகு மரத்தளத்தில்
ஆயிரத்து இருநூறு பனிக்காலணிகள்.
பாட்டை யாரும் பாடவில்லை, ஆனால்
எந்த வரியில் நிற்கிறோம் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.
விளக்கு திரும்பியபோது
தான் வராமலே தாலி கட்டி முடிந்த மண்டபத்துக்குள்
நுழையும் மாப்பிள்ளை போல
கிட்டார் நுழைந்தது.

அந்தக் கத்தல் ‘நிறுத்தாதே’ என்பது
ரசிகர்களின் தீர்ப்பு.
ஆல்பத்தின் பின்னட்டையிலும் அப்படியே அச்சிட்டோம்.
இதுவரை பதினேழு ஆண்கள் என்னிடம் வந்து
அது தங்கள் தொண்டைதான் என்றிருக்கிறார்கள்.
ஒருவர் நகரசபைத் தேர்தலில் நின்றவர்.
ஒருவர் என் பல் மருத்துவர்.
என் வாயில் துரப்பணத்தை வைத்துக்கொண்டு சொன்னார்,
மறுக்க வழியில்லை.

என்னிடம் எட்டாவது தடம் இருக்கிறது.
கழிப்பறைக் கதவருகே
ஆணியில் தொங்கவிட்ட மலிவு மைக்.
மற்ற ஏழையும் மூடிவிட்டுக் கேட்டால்
சொல் சுத்தமாய் விழும்:
‘எவனும் நகராதே! படியில தண்ணி!’
கூடத்தின் காவலாள், லுட்விக் ஸக்ரைஷெக்,
கையில் துடைப்பத்தோடு.
கூடத்தைக் கடந்து மேடைக்குப் போவதற்குள்
படி உதிர்ந்தது, தண்ணீர் உதிர்ந்தது.
ஆரினின் காதில் போய் விழுந்தது
வெறும் ஓர் ‘ஆதே’.
மிச்சத்தை அவனே நிரப்பிக்கொண்டான்.

நான் யோக்கியமில்லை.
ஃபார்கோவில் வேறொரு குழுவுக்குக்
கூட்டமே வராத இரவில்
ஹாக்கிப் போட்டியின் ஆரவாரத்தை வெட்டி ஒட்டியிருக்கிறேன்.
கூர்ந்து கேளுங்கள்:
பிரிவைப் பற்றிய அந்த மெல்லிய பாட்டின் முடிவில்
யாரோ கோல் போடுகிறார்கள்.
தவறிய சுருதியைப் பகலில் வந்து திருத்திப் பாடியவர்கள்,
வியர்க்காத சட்டையோடு ‘நன்றி, நண்பர்களே’ என்று
கண்ணாடி அறைக்குள் கத்தியவர்கள்,
எல்லாருக்கும் நான்தான் விசையை அழுத்தினேன்.
அந்தத் தட்டுகள் நன்றாகவே விற்றன.
வீட்டில் நான் போடுவது இதை.
ஏன் என்றால், எனக்கு இன்னமும்
அந்த ஓரடிப் பள்ளத்தில் வயிறு விழுகிறது.
நாற்பது வருடமாய் அவன் அடிக்கிறான்,
நாற்பது வருடமாய் நான் நம்புவதில்லை.

மறுபதிப்புக்கு ஒரு பையனை அனுப்பினார்கள்.
டோபின், கண்ணியமானவன், காலணியை வாசலிலேயே விட்டான்.
கணினியில் கூட்டத்தைத் தனியே உரித்தெடுக்கலாமாம்.
‘அந்தக் குரலைத் துடைச்சுத் தரேன்,
ஒவ்வோர் எழுத்தும் கேட்கும்.’

ஏழு ரீலையும் கொடுத்தேன்.
எட்டாவது பூஞ்சை பிடித்துப் போனது என்றேன்.
அது சமையலறையில்,
மாவு டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது.

லுட்விக் கடைசிவரை ஆல்பத்தைக் கேட்கவில்லை.
அக்கார்டியன் இல்லாதது அவருக்குப் பாட்டேயில்லை.

போன வாரம் ஆரின் கூப்பிட்டான்.
வலக்காது போய்விட்டது, இடது பாதி.
‘கத்தினது யாருன்னு தெரிஞ்சுதா?’
பதினெட்டாவது ஆள் வந்திருக்கிறார் என்றேன்.
சிரித்தான்.
‘அவன் மட்டும் கத்தலைன்னா
எழுந்து போயிருப்பேன், மார்லிஸ்.
ரெண்டு பாட்டா அடக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.’